வேகம் கூடினால் ஓட்டமும் கூடியதாகுமா? இரத்தம் விரையும் இடமும் தயங்கும் இடமும்

வரவுசெலவு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 71 வயது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. சென்ற வாரம் வழக்கமான சோதனைக்குப் போனபோது, மருத்துவர் அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, வலப்பக்கத்தில் ஊதுவது போன்ற ஓசை வருகிறது என்று சொல்லி, இரத்தத்தின் வேகத்தை ஒலியால் அளக்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். அறிக்கையில், கழுத்தின் பொதுத் தமனியில் இரத்தத்தின் உச்ச வேகம் நொடிக்கு 60 செ.மீ. என்றும், அதிலிருந்து பிரிந்து மூளைக்குச் செல்லும் வலது உட்தமனியில் 250 செ.மீ. என்றும் இருக்கிறது. அதைப் படித்த என் தந்தை, "இந்த வயதிலும் என் இரத்தம் நான்கு மடங்கு வேகத்தில் ஓடுகிறது பார்" என்று மகிழ்ந்துபோனார். ஆனால் அறிக்கையின் கடைசி வரியோ, அதே இடத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் அடைப்பு என்று சொல்கிறது. வரும் வியாழக்கிழமை இரத்தக்குழாய் அறுவை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். ஆகவே சிகிச்சை பற்றி இங்கே கேட்கவில்லை. எனக்கு விளங்க வேண்டியது வேறு.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனின் பாடநூலில், உடலிலேயே மிக மெல்லிய குழாய்களான தந்துகிகளில்தான் இரத்தம் மிக மெதுவாக நகர்கிறது என்று எழுதியிருக்கிறது. கழுத்தில் குழாய் குறுகினால் வேகம் கூடுகிறது; தந்துகியில் குழாய் குறுகினால் வேகம் குறைகிறது. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். இந்த இரண்டு பதிவுகளும் எனக்கு ஒத்துவரவில்லை.

கரும்பலகை

ஐயா, உங்கள் தந்தை நலம் பெறட்டும். இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டாவது பாதியை விளக்க முயல்கிறேன்.

ஓட்டம், வேகம் என்ற இரண்டு சொற்களையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு நொடியில் எத்தனை மில்லிலிட்டர் கடந்துபோகிறது என்பது ஓட்டம். ஓர் இரத்த அணு ஒரு நொடியில் எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்பது வேகம். ஓய்வாக இருக்கும் ஒரு பெரியவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர், அதாவது நொடிக்குச் சுமார் 83 மி.லி. இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. சுற்றோட்டம் மூடிய வளையம் ஆகையால், பெருந்தமனியைக் கடக்கும் 83 மி.லி.தான் எல்லாத் தந்துகிகளையும் சேர்த்துக் கடக்க வேண்டும், பெருஞ்சிரைகளையும் கடக்க வேண்டும். உங்கள் தொழில்மொழியில் சொன்னால், எந்தக் கட்டத்தில் கூட்டிப் பார்த்தாலும் தொகை மாறாது. வேகம் என்பது அந்தத் தொகையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் வரும் ஈவு.

இப்போது பரப்பைப் பாருங்கள். உடலியல் பாடநூல்கள் வழக்கமாகத் தரும் தோராயமான அளவுகளின்படி பெருந்தமனியின் பரப்பு 2.5 சதுர செ.மீ. ஆகும். 83-ஐ 2.5-ஆல் வகுத்தால் சராசரி வேகம் நொடிக்கு 33 செ.மீ. தந்துகி ஒன்றின் விட்டம் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆனால் அவை நூறுகோடிக் கணக்கில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அத்தனையின் பரப்பையும் கூட்டினால் ஏறக்குறைய 2,500 சதுர செ.மீ. வருகிறது. பெருந்தமனியைப் போல் ஆயிரம் மடங்கு பரப்பு, ஆகவே ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம்: நொடிக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர். பிறகு சிறு சிரைகள் ஒன்றுசேர்ந்து இரண்டு பெருஞ்சிரைகளாகும்போது மொத்தப் பரப்பு 8 சதுர செ.மீ. அளவுக்குச் சுருங்குவதால், வேகம் மறுபடியும் நொடிக்கு 10 செ.மீ. ஆகிறது. தனிக்குழாய் எவ்வளவு மெல்லியது என்பதைப் பார்த்ததால்தான் உங்களுக்கு முரண்பாடு தோன்றியது. எத்தனை குழாய்கள் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன என்பதைப் பார்த்தால் அது மறைந்துவிடும்.

கல்லணைக்குக் கீழே காவிரி பல கிளைகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து வயலுக்குள் நுழையும்போது நீர் நடை தளர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுவே இங்கும் நடக்கிறது.

நீரேற்றி

கரும்பலகை ஐயாவின் கணக்கில் பிழை இல்லை, உவமையில் இருக்கிறது. காவிரி நீர் வழியெல்லாம் மண்ணில் இறங்குகிறது, ஆவியாகிறது, பயிருக்குப் போகிறது. கடைமடைக்கு வரும்போது தொகையே குறைந்துவிடுகிறது. சமவெளியில் சரிவும் குறைகிறது. ஆக, வாய்க்காலில் நீர் மெதுவாகப் போவதற்குப் பரப்பு மட்டுமே காரணம் அன்று.

உவமையைவிட எனக்குப் பெரிதாகப்படும் குறை ஒன்று உண்டு. குடிநீர் ஏற்று நிலையத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வால்வைப் பாதிவரை மூடினாலும் தொட்டிக்குப் போகும் நீரின் அளவு பெரிதாகக் குறையாது. மூடிய இடத்தில் நீர் சீறிக்கொண்டு போகும். கடைசிக் கால்பங்கை மூடும்போதுதான் எல்லாம் ஒரேயடியாக விழும். அதாவது, 'குறுகினால் வேகம் கூடும்' என்பது ஓட்டம் மாறாமல் இருக்கும் வரைக்கும்தான் உண்மை. குறுகலே ஓட்டத்தைக் குறைக்கத் தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்பாடு உதவாது. இழையைத் தொடங்கியவரின் தந்தையுடைய கழுத்து இந்த இரண்டில் எந்த நிலையில் இருக்கிறது என்பதல்லவா கேள்வி?

ஒலியலை

நான் இரத்தக்குழாய் ஸ்கேன் எடுக்கும் பிரிவில் பணிபுரிகிறேன். நீரேற்றி அவர்களின் வால்வு எங்கள் அன்றாட வேலையை அப்படியே சொல்லிவிட்டது. கழுத்துத் தமனியின் குறுகலுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை ஸ்பென்சரும் ரீடும் 1979-இல் ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார்கள். அந்தக் கோட்டின் வடிவம் நீங்கள் சொன்ன வால்வின் கதைதான்.

விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகிறது. ஓட்டம் மாறாவிட்டால் வேகம் நான்கு மடங்காக வேண்டும். ஏறத்தாழ 50 விழுக்காட்டுக் குறுகல் வரை ஓட்டம் உண்மையிலேயே அதிகம் மாறுவதில்லை. இந்தப் பாதையின் தடையில் பெரும்பகுதி கழுத்தில் இல்லை. மூளைக்குள் இருக்கும் நுண்தமனிகளில் இருக்கிறது. கழுத்தில் கொஞ்சம் தடை கூடினால் மூளையின் நுண்தமனிகள் சற்று விரிந்து ஈடுகட்டிவிடும். குறுகல் 70 விழுக்காட்டைத் தாண்டும்போது ஓட்டம் சரியத் தொடங்கினாலும், துவாரம் அதைவிட விரைவாகச் சிறுத்துக்கொண்டே போவதால், வேகம் இன்னும் சிறிது தூரம் ஏறுகிறது. பிறகு ஓர் உச்சியைத் தொட்டு மளமளவென்று இறங்குகிறது. ஏறக்குறைய முழுவதும் அடைபட்ட தமனியில் நூலிழைபோல் கொஞ்சம் இரத்தம் மெதுவாகக் கசிந்துகொண்டிருக்கும். அங்கே கருவி காட்டும் வேகம், நலமாக இருப்பவரின் வேகத்தைவிடவும் குறைவாக இருக்கக்கூடும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்க்காதவர்கள் ஏமாறும் இடம் இதுதான். புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களிடம், 'உயர்ந்த எண்ணைக் கண்டு அஞ்சுவதைவிடத் தாழ்ந்த எண்ணைக் கண்டு ஐயப்படுங்கள்' என்று சொல்வது என் வழக்கம்.

நாங்கள் பரவலாகக் கையாளும் எல்லைகளின்படி, உட்தமனியில் உச்ச வேகம் நொடிக்கு 125 செ.மீ.யைத் தாண்டினால் 50 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகலும், 230-ஐத் தாண்டினால் 70 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகலும் இருக்கக்கூடும் என்று கொள்கிறோம். பொதுத் தமனியின் வேகத்தால் வகுத்து வரும் விகிதத்தையும் பார்ப்போம். 4-ஐத் தாண்டினால் கடுமையான குறுகல். உங்கள் தந்தைக்கு 250-ஐ 60-ஆல் வகுத்தால் 4.2 வருகிறது. இரண்டு அளவுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இதயம் தளர்ந்த ஒருவருக்கு உடலெங்கும் வேகம் குறைந்திருக்கும்; அவருக்குக் கழுத்தில் கடுமையான குறுகல் இருந்தும் 230 வராமல் போகலாம். அப்படிப்பட்டவர்களிடம் விகிதம் ஏமாற்றாது. அதற்காகவே வகுத்துப் பார்க்கிறோம்.

மருத்துவர் கேட்ட ஓசையும் இதே வேகத்தின் விளைவுதான். ஒழுங்காக அடுக்கடுக்காய்ச் செல்ல வேண்டிய இரத்தம், குறுகலைத் தாண்டியதும் பீய்ச்சியடித்துச் சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் குழாயின் சுவர் அதிர்கிறது.

வரவுசெலவு

மிக்க நன்றி அம்மா. ஒரு கணக்கு மட்டும் இடிக்கிறது. விட்டத்தில் 70 விழுக்காடு போய்விட்டால் மீதம் 30. அதன் பரப்பு நூற்றில் 9 பங்கு. அப்படியானால் வேகம் பதினோரு மடங்குக்கு மேல் கூடியிருக்க வேண்டும். நான்கு மடங்குதானே கூடியிருக்கிறது? மீதியை யார் எடுத்துக்கொண்டார்கள்?

ஒலியலை

உங்களிடம் தணிக்கைக்கு வருபவர்கள் பாவம், ஐயா. நீங்கள் ஒப்பிடுவது ஒரே குழாயின் இரண்டு இடங்களை அன்று. பொதுத் தமனியின் இரத்தம் முழுவதும் உட்தமனிக்குள் போவதில்லை. ஒரு பகுதி முகத்துக்கும் மண்டைத்தோலுக்கும் செல்லும் வெளித்தமனிக்குப் பிரிகிறது. இரண்டு குழாய்களின் இயல்பான அகலமும் ஒன்றன்று. மேலும் இந்த அளவு குறுகலில் அந்தப் பக்கத்து ஓட்டமே குறைந்திருக்கும். மூளையின் அடியில், மூளைக்கு வரும் நான்கு தமனிகளையும் இணைக்கும் வளையம் ஒன்று இருப்பதால், இடப்பக்கமும் பின்பக்கமும் அந்தக் குறையை ஓரளவு நிரப்புகின்றன.

எண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கருவி வேகத்தை நேராக அளப்பதில்லை. நகரும் அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுவதைத்தான் அளக்கிறது. 1842-இல் விண்மீன்களின் நிறத்தை விளக்க டாப்ளர் சொன்ன கருத்து அது. ஒலிக்கற்றை குழாயோடு எந்தக் கோணத்தில் பாய்கிறது என்பதை நாங்கள்தான் திரையில் குறிக்க வேண்டும். உண்மைக் கோணம் 60 பாகையாக இருக்க, 65 என்று குறித்துவிட்டால் வேகம் 18 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். ஆகவே ஓர் இடத்தில் 250, வேறோர் இடத்தில் 225 என்று வந்தால் நோய் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கரும்பலகை

நீரேற்றி அவர்களின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். காவிரியைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

அந்தத் திருத்தத்திலிருந்து இன்னொரு படி போகலாம். மெல்லிய குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று, பிரெஞ்சு மருத்துவரான புவாசேய் 1840-களில் கண்ணாடி நுண்குழாய்களை வைத்துக் கண்டறிந்தார். இரு முனைகளிலும் அழுத்தம் மாறாமல் இருக்க, ஒரு நுண்தமனி தன் தசையைச் சுருக்கி ஆரத்தைப் பாதியாக்கிக்கொள்கிறது என்று வையுங்கள். அதன் வழியே போகும் ஓட்டம் பதினாறில் ஒன்றாகிறது. பரப்போ நான்கில் ஒன்றுதான் ஆகிறது. வகுத்துப் பார்த்தால் வேகம் முன்பிருந்ததில் கால்பங்கு! இங்கே குறுகியதால் வேகம் குறைந்திருக்கிறது. கழுத்தில் குறுகியபோது கூடியது. இரண்டுக்கும் விதி ஒன்றுதான். கழுத்துத் தமனி மொத்தத் தடையில் சிறு பங்குக்காரன். அவன் சுருங்கினால் ஓட்டம் அவ்வளவாக மாறுவதில்லை. நுண்தமனி பெரும் பங்குக்காரன். அவன் சுருங்கினால் ஓட்டமே அவன் சொற்படி நடக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் சீறுவதை வைத்து எல்லாக் குறுகலையும் புரிந்துகொள்ள முயல்வதுதான் நம் பொதுவான தவறு. நானே வகுப்பில் முப்பது ஆண்டுகள் அந்த விரலைக் காட்டியிருக்கிறேன்.

இரவுப்பணி

செவிலியாக எனக்கு ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. நாடி பிடிக்கும்போது விரலில் தட்டுவது, இதயம் அந்தத் துடிப்பில் அனுப்பிய இரத்தம் என்றே நோயாளிகளின் வீட்டார் பலர் நினைக்கிறார்கள். படிக்கும் காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். மணிக்கட்டில் நாம் உணர்வது அழுத்த அலை. அது தமனிச் சுவர் வழியே நொடிக்கு 5 முதல் 10 மீட்டர் வரை விரைகிறது. முதுமையில் சுவர் விறைக்க விறைக்க அலையின் வேகம் இன்னும் கூடும். இரத்தம் அதன் பின்னால் பல மடங்கு மெதுவாக வருகிறது. நிற்கும் ரயில் பெட்டிகளை எஞ்சின் இடித்தால் கடைசிப் பெட்டி உடனே குலுங்குகிறது. எஞ்சின் அங்கே போய்ச் சேர்ந்துவிடவில்லை.

இரத்த அழுத்தம் பார்க்கும்போது நாங்கள் கேட்கும் 'டப் டப்' ஓசையும் ஒலியலை அம்மா சொன்ன சுழற்சியின் உறவுதான். பட்டையால் தமனியைப் பாதி நசுக்கி, ஒரு தற்காலிகக் குறுகலை நாமே உண்டாக்குகிறோம். அதன் வழியே பீறிடும் இரத்தத்தின் ஓசையைத்தான் 1905-இல் கொரோத்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர் விவரித்தார். பட்டையை முழுவதும் தளர்த்தினால் ஓட்டம் ஒழுங்காகிவிடும், ஓசையும் நின்றுவிடும்.

சிரைகளை யாரும் தொடவில்லையே. அறுவைக்குப் பின் படுத்திருப்பவர்களைக் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லி நாங்கள் ஓயாமல் நச்சரிப்பது வேகத்துக்காகவே. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது ஆழ்சிரைகள் பிழியப்படுகின்றன. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் இரத்தத்தைக் கீழே திரும்ப விடுவதில்லை. தசை அசையாவிட்டால் வால்வுகளின் மடிப்புகளுக்குள் இரத்தம் ஏறத்தாழத் தேங்கி நிற்கும். இரத்தம் உறைவதற்கு மூன்று சூழல்கள் உண்டு என்று ஜெர்மானிய மருத்துவர் விர்கோவின் பெயரால் படிக்கிறோமே, அவற்றில் ஒன்று இந்தத் தேக்கம். மெதுவாக ஓடுவது தந்துகியில் நன்மை, ஆழ்சிரையில் தீமை.

ஏடு

இழை சுவையாகப் போகிறது. 1628-இல் வெளியான நூலில் வில்லியம் ஹார்வி, இதயம் அரைமணியில் வெளியேற்றும் இரத்தத்தைக் கணக்கிட்டு, உண்ணும் உணவிலிருந்து அவ்வளவு இரத்தம் புதிதாக உண்டாக வழியே இல்லை, ஆகவே அதே இரத்தம்தான் சுற்றி வருகிறது என்று நிறுவினார். அவருடைய வாதமும் ஒரு வரவுசெலவுதான். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு எந்த வழியாகப் போகிறது என்பதை அவர் பார்க்கவில்லை. 1661-இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டார்.

வேகத்தை முதலில் நேராகச் சோதித்தவர்களில் ஒருவர் ஹெரிங் என்ற ஜெர்மானியக் கால்நடை மருத்துவர். 1829-இல் அவர் ஒரு குதிரையின் ஒருபக்கக் கழுத்துச் சிரையில் ஓர் உப்புக் கரைசலைச் செலுத்தி, மறுபக்கக் கழுத்துச் சிரையிலிருந்து தொடர்ந்து இரத்தம் எடுத்துச் சோதித்தார். அரை நிமிடத்துக்குள்ளேயே உப்பு அங்கே வந்துவிட்டது. என் ஐயம் இதுதான்: உடலில் 5 லிட்டர் இரத்தம், இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளுகிறது, ஆகவே ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் என்று எல்லாரும் சொல்கிறோம். ஓய்வில் குதிரையின் இதயம் நம்முடையதைவிட மெதுவாகத் துடிப்பது. அதற்கே அரை நிமிடம் என்றால் எப்படி?

அறுவையரங்கு

மயக்க மருத்துவன் என்ற முறையில் ஏடு அவர்களுக்குப் பதில் சொல்கிறேன். ஹெரிங் அளந்தது, முதலில் வந்து சேர்ந்த துளியின் நேரம். ஒரு நிமிடம் என்பது எல்லாத் துளிகளுக்கும் சேர்த்த சராசரி. இதயத்தின் சொந்தச் சுவருக்குள் போய்த் திரும்பும் இரத்தம் சில நொடிகளில் சுற்றை முடித்துவிடும். கால் விரல் நுனிக்குப் போன இரத்தம் திரும்ப வெகுநேரம் ஆகும். கழுத்திலிருந்து இதயம், நுரையீரல், மறுபடி இதயம், தலை, கழுத்து என்பது குறுகிய வழிகளில் ஒன்று.

இந்த முதல் வருகை நேரத்தை நம்பித்தான் எங்கள் தொழில் நடக்கிறது. கையின் சிரையில் செலுத்திய மயக்க மருந்து மூளையை எட்டி, நோயாளி கண் செருக, இளவயதினருக்கு அரை நிமிடம் ஆகும். விழித்திரை ஆஞ்சியோ எடுத்துக்கொண்டவர்களுக்கு இது கண்கூடு. கையில் ஏற்றிய மஞ்சள் சாயம் 10 முதல் 15 நொடிகளில் கண்ணின் தமனியில் ஒளிர்ந்துவிடும். இதயம் தளர்ந்தவர்களுக்கு இந்த நேரம் நீளும். பயிற்சிக் காலத்தில் நான் செய்த தவறு ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். இதயச் செயலிழப்புள்ள முதியவர் ஒருவருக்கு மருந்து கொடுத்துவிட்டு, அரை நிமிடம் கழிந்தும் அவர் பேசிக்கொண்டே இருந்ததால், அளவு போதவில்லை என்று எண்ணி மேலும் கொஞ்சம் ஏற்றினேன். முதலில் கொடுத்தது இன்னும் வழியிலேயே இருந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தபோது இரத்த அழுத்தம் படுத்துவிட்டது. மேற்பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர் உடனே சரிசெய்தார். நோயாளிக்குத் தீங்கு நேரவில்லை. அன்றிலிருந்து முதியவர்களுக்கு மருந்தைச் செலுத்தியதும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, நோயாளியைப் பார்க்கிறேன்.

நீரேற்றி

பெருஞ்சிரை இதயத்துக்குள் நுழையுமிடத்தில் அழுத்தம் ஏறத்தாழச் சுழி என்கிறார்கள். ஆனால் வேகம் தந்துகியில் இருப்பதைப் போல் முந்நூறு மடங்கு. அழுத்தம் குறைந்துகொண்டே போகும்போது வேகம் எப்படிக் கூடுகிறது? அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

கரும்பலகை

மிகச் சிறிய ஆற்றல்தான் வேண்டும், அதுவே விடை. நொடிக்கு 33 செ.மீ. வேகத்தில் செல்லும் இரத்தத்தின் இயக்க ஆற்றலை அழுத்தமாக மாற்றிச் சொன்னால் பாதரச அளவில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பெருஞ்சிரையின் 10 செ.மீ. வேகத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதும். பெருந்தமனியில் இருந்த 100 மி.மீ. அழுத்தமெல்லாம் வழியில் உராய்வில், அதிலும் பெரும்பகுதி நுண்தமனிகளில், செலவாகிவிடுகிறது. வேகத்துக்கான செலவு சில்லறை.

ஆனால் வேகம் மீட்டர் கணக்கில் ஏறினால் அது சில்லறையாக இருக்காது. ஏனெனில் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் கூடுகிறது. இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கியவர்களுக்கு எக்கோ எடுக்கும்போது, நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தை இருமடியாக்கி நான்கால் பெருக்கினால், வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு பாதரச மில்லிமீட்டரில் கிடைக்கும். வேகம் 4 மீட்டர் என்றால் 64. அந்த 4 மீட்டரைத்தான் கடுமையான சுருக்கத்தின் எல்லையாக மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள்.

புதியவன்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'இரத்த ஓட்டத்தின் வேகத்தை இருமடங்காக்கும்' கசாயத் தூள் ஒன்றுக்கு நாள்தோறும் விளம்பரம் வருகிறது. இந்த இழையைப் படித்த பிறகு, அது எந்த இடத்து வேகம் என்று கேட்கத் தோன்றுகிறது.

அறுவையரங்கு

நல்ல கேள்வி. நுரையீரலில் இருமடங்காகிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஓய்வில் ஒரு சிவப்பணு நுரையீரல் தந்துகியில் முக்கால் நொடி தங்குகிறது. ஆக்சிஜனை நிரப்பிக்கொள்ள அதற்கு முதல் கால் நொடியே போதும். மீதி அரை நொடி கையிருப்பு. கடுமையாக ஓடும்போது இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல் தள்ளினாலும், மூடியிருந்த தந்துகிகள் திறந்துகொள்வதால் பரப்பு கூடி, தங்கும் நேரம் அதே விகிதத்தில் குறையாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது. நலமுள்ளவர்களுக்குக் கையிருப்பு ஈடுகொடுக்கும். நுரையீரல் சுவர் தடித்துப்போனவர்களுக்கு நிரப்பவே நேரம் கூடுதலாகத் தேவைப்படுவதால், உட்கார்ந்திருக்கும்போது இயல்பாக இருக்கும் ஆக்சிஜன் அளவு நாலு படி ஏறியதும் விழுந்துவிடும்.

வரவுசெலவு

வியாழக்கிழமை சென்று வந்தோம். அதற்கு முன், உங்கள் அனைவருடைய எண்களையும் வைத்து ஒரு பேரேடு போட்டேன். நூலகத்தில் கிடைத்த உடலியல் நூலில், இரத்தம் எந்தெந்தப் பகுதியில் எவ்வளவு இருக்கிறது என்ற விழுக்காடு இருந்தது. ஒவ்வொன்றையும் 83-ஆல் வகுத்தால் அங்கே தங்கும் சராசரி நேரம் வருகிறது அல்லவா? 5 லிட்டரில் சிரைகளில் 64 விழுக்காடு, அதாவது 3,200 மி.லி.; அங்கே 38 நொடி. தமனிகளில் 13 விழுக்காடு, 8 நொடி. நுண்தமனிகளும் தந்துகிகளும் சேர்ந்து 7 விழுக்காடு, 4 நொடி. நுரையீரல் 9 விழுக்காடு. 5 நொடிக்குச் சற்று மேல். இதயத்தின் அறைகள் 7 விழுக்காடு, 4 நொடி. கூட்டினால் அறுபது! மிக மெதுவாக நகரும் இடம் தந்துகி. ஆனால் மிக நீண்ட நேரம் தங்கும் இடம் சிரை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளத்தைக் கடக்க எத்தனை நேரம்தான் ஆகும்? பேரேட்டில் இந்த இரண்டு வரிகளையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அறுவை மருத்துவர் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார். இம்முறை 240, விகிதம் 4. ஒலியலை அம்மா சொல்லியிருந்ததால், 10 குறைந்ததற்கு மகிழாமல் இருந்தேன். சி.டி. ஆஞ்சியோவும் பார்த்துவிட்டு, கழுத்தைத் திறந்து தமனியின் உள்ளே படிந்திருப்பதை நீக்கலாம் என்றும், குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற கம்பிவலையை வைப்பது மற்றொரு வழி என்றும் விளக்கினார். என் தந்தை கேட்ட ஒரே கேள்வி, "அதன் பிறகு வேகம் குறைந்துவிடுமா?" என்பதுதான். குறைய வேண்டும் என்றுதான் செய்கிறோம் என்று மருத்துவர் சொன்னபோது, அவர் முகம் சற்று வாடியதைப் பார்த்தேன்.

ஒலியலை அம்மாவுக்குக் கடைசியாக ஒன்று: பிறகு எடுக்கும் ஸ்கேனில் நான் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

ஒலியலை

பொதுத் தமனியின் 60 பெரிதாக மாறாது. உட்தமனியின் எண் இறங்கி விகிதம் 2-க்குக் கீழே வந்தால் நல்லது. ஸ்டென்ட் வைப்பதாக முடிவானால் மட்டும், பழைய எல்லைகளைக் கொண்டு அளக்காதீர்கள். கம்பிவலை சுவரை விறைப்பாக்கிவிடுவதால், குறுகல் இல்லாமலேயே அங்கே வேகம் சற்றுக் கூடுதலாகத் தெரியும். எது செய்தாலும், அதன் பின் எடுக்கும் முதல் அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த ஸ்கேன்களை நாங்கள் அதனோடுதான் ஒப்பிடுவோம். இயன்றவரை அதே இடத்தில், அதே கருவியில் எடுங்கள். தந்தையிடம் சொல்லுங்கள்: வேகம் குறையும், ஓட்டம் கூடும்.